வில்லியனூர் பக்கம் தாய்ச்சி கற்கப் போனோம்

என் கணவர் ரவிக்கு மன அழுத்த நோய். அப்போது எட்டு மாதமாக டாக்டரைப் பார்க்க மட்டும்தான் வீட்டைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். "மாத்திரையோடு சேர்த்துத் தாய்ச்சியும் செய்து பாருங்கள், சிலருக்கு உதவுகிறது" என்று டாக்டர் சொன்னதால், போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை விழுப்புரத்திலிருந்து கிளம்பினோம். தாய்ச்சி என்பது சீனாவில் பிறந்த, மிக மெதுவான உடற்பயிற்சி. ரவி குளித்துச் சட்டை போடவே ஒரு மணி நேரமானது. நான் வழக்கம்போல் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

ஐந்தேகால் பாண்டிச்சேரி பஸ் ஆறேகாலுக்கு வில்லியனூரில் இறக்கிவிட்டது. அங்கிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டரில் ஒரு மாதா கோயில் கூடத்தில் வகுப்பு. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். தாய்ச்சி கிளாஸ் என்று சொன்னேன்.

"தையல் கிளாஸா? இன்னாக்கா, அண்ணனும் தைக்கப் போறாரா?" என்றார் டிரைவர்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரவி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு எடுப்பவர் ரீத்தா, உள்ளூர்க்காரர், பிசியோதெரபிஸ்ட். ஒரு கையைத் தூக்கி இறக்கவே அரை நிமிடம் ஆக்குகிறார். எனக்கோ அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது போல உடம்பு பரபரத்தது. எல்லோரும் முதல் அசைவில் இருக்க, நான் மூன்றாவதை முடித்திருந்தேன்.

"இன்னாக்கா, பஸ்ஸப் புடிக்கணுமா?" என்றார் ரீத்தா. "அண்ணனப் பாத்து செய்ங்க. எவ்ளோ பொறுமையா செய்றாரு பாருங்க!"

கூடமே ரவியைத் திரும்பிப் பார்த்தது. அவருடைய நிதானத்தை இத்தனை நாளில் யாரும் பாராட்டியதில்லை, நான் உட்பட. அதன்பிறகு அவரைப் பார்த்துத்தான் செய்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு வகுப்பு. தளர்வான உடை போதும். வகுப்பு முடிந்த பிறகு இட்லி சாப்பிடுங்கள், முன்னால் வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறாரா என்றுதான் ரீத்தாவும் முதலில் கேட்டார்.

ஒரே வகுப்பில் குணமாகிவிட்டாரா என்றால், இல்லை. திரும்பும் பஸ்ஸில் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார். கண்டமங்கலம் தாண்டியதும், மூடிய கண்ணோடு, "நாளைக்கும் வரலாமா?" என்றார்.

அவர் வாயிலிருந்து 'நாளைக்கு' என்ற சொல்லைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!