பிள்ளையாரின் சிவப்பு விளக்கு

அக்காவின் புருஷனுக்கு ஒரு பழைய பிக்கப் இருந்தது. அதில் கோப்பாயிலிருந்து கொடிகாமம் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப்போவது என் வேலை. காலையில் பார்த்தால் பற்றறி செத்துக் கிடக்கும். ஊரே கேட்க அத்தான் கத்துவார்.

"வண்டியில இருந்து இரவிரவாப் பாட்டுக் கேட்டா பற்றறி நிக்குமோ? உன்ரை அக்காவுக்காகத்தான் உன்னை வைச்சிருக்கிறன்."

ஒருநாள் மத்தியானம் மீற்றர் வைத்துப் பார்த்தேன். என்ஜின் ஓடியும் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தது, டைனமோவிலும் பழுதில்லை. கடைசியில் டாஷ்போர்டைக் கழற்றினேன். சார்ஜ் விளக்கின் பல்ப் இருக்கவேண்டிய இடம் வெறும் ஓட்டை. அந்தப் பழைய வண்டியில் அந்தச் சின்னப் பல்ப் வழியாகக் கரண்ட் போனால்தான் டைனமோ வேலை தொடங்கும். பல்ப்பைத் தேடவே தேவையில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே, அத்தான் ஒட்டிவைத்திருந்த சின்னப் பிள்ளையாரின் காலடியில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. சாமி விளக்கு பியூஸ் போனபோது அத்தான் இதைக் கழற்றி அங்கே போட்டிருக்கிறார்.

பழைய இடத்தில் போட்டேன், சார்ஜ் ஏறியது. அத்தானைக் கூப்பிட்டு மீற்றரைக் காட்டினேன். அவர் இருண்டு கிடந்த பிள்ளையாரைத்தான் பார்த்தார்.

"சாமிக்கு வேற பல்ப் வாங்கிப் போடுவம், அத்தான்."

"சாமியின்ரை விளக்கில கை வைச்சவன் என்ரை வண்டியில கை வைக்கக் கூடாது. திறப்பைத் தா."

சாவி அத்தானிடம் போனது, என் வேலையும் போனது. பல்ப் திரும்பவும் பிள்ளையாருக்கே போனது.

இப்போதும் சந்தையில் அந்தப் பிக்கப்பைக் காண்கிறேன். நாலு பேர் மூச்சு வாங்கத் தள்ளுகிறார்கள், அத்தான் உள்ளே இருந்து அவர்களை ஏசுகிறார். பிள்ளையார் சிவப்பாக மினுங்குகிறார். ஒரு கை தரச்சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் ஆறுதலாக ஊதி ஊதித் தேத்தண்ணியைக் குடிக்கிறேன்.