கையில் வந்த ஆள்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. கந்தோர் நண்பர்கள் நிலாவெளிக்குப் போய், அங்கிருந்து வள்ளத்தில் எதிரே உள்ள தீவைப் பார்த்து வருவோம் என்றார்கள். ஆராதனை அடுத்த கிழமையும் இருக்கும், கடல் இவ்வளவு அமைதியாக இருக்காது என்று நானும் கிளம்பிவிட்டேன்.

பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் அங்கே சீனன்குடாவில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை பார்த்தேன். கல்யாணமாகிக் கொஞ்சக் காலம்தான்.

தீவிலிருந்து திரும்பும்போது காற்று எழும்பியது. ஒரு அலை வள்ளத்தைப் பக்கவாட்டில் தூக்க, எல்லோரும் பயந்து ஒரே பக்கம் சாய்ந்தோம். வள்ளம் கவிழ்ந்தது. மற்றவர்களுக்கு நீந்தத் தெரியும், எனக்குத் தெரியாது. தண்ணீருக்குள் எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. வாய் திறந்து செபிக்கக்கூடத் தோன்றவில்லை. யாரோ என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்ததுதான் கடைசி ஞாபகம்.

கண் விழித்தபோது மணலில் குப்புறக் கிடந்தேன். கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் தோணியில் பாய்ந்து வந்திருக்கிறார்கள். எல்லோரும் தப்பியிருந்தோம். என்னைப் பிடித்தவர் பக்கத்து ஊரான இறக்கக்கண்டிக்காரர் என்றார்கள். நான் எழும்பி உட்கார்ந்தபோது அவர் மறுபடியும் வலைக்குப் போய்விட்டார்.

செய்தி எங்கள் சபைக்குள் பரவியது. மூப்பர் ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார்: “ஆராதனையை விட்டிட்டுப் போனதுக்கு ஆண்டவர் குடுத்த அடி, தம்பி.”

அவரோடு வந்திருந்த சபை அம்மா ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. “இல்லை. இவருக்கு ஏதோ பெரிய ஊழியம் வைச்சிருக்கிறார். ஆண்டவர் ஒருத்தரையும் சும்மா காப்பாத்திறேல்லை.”

அடி என்றால் வாங்கியாகிவிட்டது, அதோடு முடிந்தது. அந்த அம்மா சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சும்மா இல்லையென்றால், எதற்காக? அதை நான் செய்யாமல் விட்டால்? கொடுத்த உயிரைத் திருப்பி எடுப்பாரோ?

சிகரெட்டை விட்டேன். படம் பார்ப்பதை விட்டேன். விடிய முன்னமே எழும்பி முழங்காலில் நின்றேன். வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய், என்னை யாரென்றே தெரியாத நோயாளிகளுக்குப் பக்கத்தில் இருந்து செபித்தேன். போதகர் பிரசங்கத்தில் கிருபையைப் பற்றி அடிக்கடி சொல்லுவார்: அது கூலி இல்லை, உழைத்து வாங்க ஏலாது என்று. நானும் தலையாட்டுவேன். வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்சம் உழைப்பேன். நித்திரையில் கால் நழுவுவதுபோல் திடுக்கிட்டு விழிப்பேன். வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்துவிட்டால் அன்றைக்கு பஸ் ஏறவே பயமாக இருக்கும்.

மனைவி பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் சமையலை விட்டுவிட்டுக் குசினி வாசலில் நின்று கேட்டே விட்டாள்.

“உங்களுக்கு என்ன நடந்தது? சிரிச்சுக் கதைச்சு எவ்வளவு காலம்?”

“தப்பின உயிருக்குத் தகுதியா நடக்க வேண்டாமோ?”

“ஆர் உங்களிட்டக் கேட்டது? தண்ணிக்குள்ளால வந்த மனுசன் எனக்குப் போதும். இந்தப் புதுப் பரிசுத்தவானோட என்னால இருக்க ஏலாது.” பிறகு கொஞ்சம் தணிந்து, “இவ்வளவும் செய்யிறியள். பிடிச்சு இழுத்த மனுசனைப் போய்ப் பார்த்தனீங்களோ?” என்றாள்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது.

அடுத்த விடுமுறை நாளில் கரையோர பஸ்ஸில் இறக்கக்கண்டிக்குப் போனேன். விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், என்னிலும் பத்து வயது மூத்தவராக இருப்பார், என்னை அடையாளம் கண்டு சிரித்தார். அவர் உடுக்கவென்று கொண்டுபோன புதுச் சாரத்தைக் கொடுத்தேன். வரும் வழியெல்லாம் மனதில் வைத்திருந்த கேள்வியையும் கேட்டேன்.

“அவ்வளவு பேருக்குள்ள என்னை மட்டும் பாத்துப் பிடிச்சீங்களே, என்ன நினைச்சுப் பிடிச்சீங்கள்?”

அவர் சங்கடப்பட்டார். “உண்மையைச் சொன்னாக் கோவிக்கக் கூடாது சேர். உங்கள எண்டு நான் பாயல்ல. உங்கட வள்ளம் ஓட்டினது என்ட மச்சான். அவன்தான் தாழுறான் எண்டு நினைச்சித்தான் பாஞ்சன்.”

“மச்சானோ?”

“ஓம். மயிர் கையில அகப்பட்ட பொறகுதான் விளங்கிச்சு. அவனுக்கு முன்வழுக்கை. இவ்வளவு மயிர் இல்லையே எண்டு பாத்தா, அவன் நீந்திக் கரைக்குப் போயிட்டான்!”

“அப்ப, ஆள் மாறிப்போச்செண்டு தெரிஞ்சும்…”

“நல்லாக் கேட்டீங்க. கையில வந்த ஆளை விடுறதோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். பதிலுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் கேட்டபோது, “சோறு ஆக்கியிருக்கு, தின்னுட்டுப் போங்க” என்றார். சூடை மீன் குழம்பு. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் இருந்தபோது நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போலிருந்தது. என்னிடம் நல்லது எதையும் கண்டு அவர் பிடிக்கவில்லை. கெட்டதைத் தெரிந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டார். நான் சம்பாதித்தது அதில் ஒன்றுமே இல்லை. ஆகவே பறிபோகவும் ஒன்றும் இல்லை. சீட்டில் சாய்ந்து நன்றாக நித்திரையாகி, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனேன்.

வீட்டில் கதையைச் சொன்னதும் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் போதகரிடமும் சொன்னேன். மூப்பர் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பிடிக்கவில்லை. “ஆள் மாறிப் பிடிச்சதெண்டால் ஆண்டவருக்கு இதில என்ன பங்கு?” என்றார்.

போதகர் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “ஆண்டவர் ஆள் மாறிப் பிடிக்கிறேல்லை, அது ஒரு வித்தியாசம்தான்” என்றார். “ஆனா ஆளின்ர தகுதியைப் பாத்துப் பிடிக்கிறதும் இல்லை. பிடிச்சதை விடுறதும் இல்லை. இதை நான் எத்தினை பிரசங்கத்தில சொல்லியிருப்பன்! நீங்கள் இறக்கக்கண்டிக்குப் போய்த்தான் கேட்டனீங்கள்.”

மூப்பர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். நானும் மனைவியும் கடற்கரைப் பாதையால் வீட்டுக்கு நடந்தோம். வெயில் ஏறியிருந்தது. அவள் குடையை என் பக்கமும் சரித்துப் பிடித்தாள். அவளுடைய உயரத்துக்கு அது என் காதில் இடித்துக்கொண்டே வந்தது. நான் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு நடந்தேன்.