முப்பத்தொரு கோல்

ஊர் கால்பந்து லீக்குக்குக் கணக்கெழுதுகிறவருக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘நோட்டு’. பகலில் தொழிற்சாலைச் சரக்கறையில் எழுத்தர். சாயங்காலமானால் மைதானத்து ஓரத்தில் பெஞ்சு, மடியில் அந்த நீள நோட்டு. கோல் போட்டது யார், வாங்கியது யார், எத்தனையாவது நிமிடம், எல்லாம் கட்டம் கட்டமாக உண்டு. கட்டம் போட்டதும் அவரேதான். அதில் மனிதருக்கு அப்படியொரு கர்வம்!

தொழிற்சாலை அணியின் கோல்கீப்பர் அவர் மனைவியின் தம்பி. தினக்கூலிக்கு மூட்டை ஏற்றுகிறவன். மாவட்ட அணிக்கு எடுத்துவிட்டால் வேலை நிரந்தரமாகிவிடும். போட்டி இவனுக்கும் இன்னொரு அணிக்காரனுக்கும்தான்.

தேர்வுக் கூட்டத்தில் தலைவர் நேராகவே கேட்டார். “நோட்டு சார், எல்லா மேட்ச்சும் பாத்தவரு நீங்க. உங்க மனசுல யாரு?”

பார்த்ததெல்லாம் தொண்டைவரை வந்தது. முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர்கள் கோட்டைவிட்டுக்கொண்டே இருக்க, இவன் ஒருவனே விழுந்து புரண்டு பந்தைத் தட்டிவிட்ட ஆட்டங்கள் எத்தனை! இவரே பேனாவைப் போட்டுவிட்டுக் கைதட்டியிருக்கிறார். அந்த இன்னொருவன் பக்கம் பந்து வந்ததே அபூர்வம். ஆனால் தடுத்ததை எழுத நோட்டில் கட்டம் இல்லை. மச்சினனுக்குப் பரிந்து பேசுகிறான் என்று நாலு பேர் சொல்லிவிட்டால்?

“நான் என்ன சார் சொல்றது. பத்து மேட்ச்ல அவன் பதினொரு கோல் வாங்கியிருக்கான். நம்மாளு முப்பத்தொண்ணு.”

“நேர்மையான மனுஷன்யா!” என்றார் தலைவர். நேர்மையாம், நேர்மை! அந்தப் பாராட்டைக் கேட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாவட்ட அணிக்கு அந்த இன்னொருவனையே எடுத்தார்கள். அன்றைக்கு வீட்டில் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, மறுநாள் மச்சினன் அறைக்குப் போனார். அவன் கையுறைகளைத் துடைத்து ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

“வாங்க மாமா. இத கிளப்புல குடுத்துருங்க. நல்லா ஆடறேன்னுல்ல இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன். முப்பத்தொண்ணுன்னு கேட்டதும் எனக்கே அசிங்கமாப் போச்சு.”

“டேய், நீ நல்லா ஆடறவன்டா. நான் என் கண்ணால பாத்தேன்டா!”

அவன் எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். “விடுங்க மாமா. ஆறுதலுக்குன்னு சொல்லாதீங்க.”