பதினேழு வீட்டுக்கு ஒரு பொன்னாடை: காவலூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர்

ஜவ்வாது மலைக்குப் போகிறேன், என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டு இந்தப் பக்கத்துக்கு நிறையப் பேர் எழுதுகிறீர்கள். அருவி, படகு, தொலைநோக்கி பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் 1984 ஜூன் மாதத்தில், ஒரு சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பிய பயணத்தை எழுதுகிறேன். அப்போது வேலூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. பெண்கள் விடுதிக்குக் காப்பாளரும் நானே. கண்டிப்பானவள் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன காரணம் பூங்காவனம். நெல்லிமரத்தூர் என்ற பதினேழு வீட்டு மலையூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்த முதல் பெண். அந்த வருடம் பி.எஸ்சி. முதல் வகுப்பில் தேறினாள். அவளைப் படிக்கவைத்த அப்பா ஆண்டியைக் கல்லூரி விழாவில் கௌரவிப்பது என்று முடிவானது. அவர் புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர். மலையிறங்க முடியாது. சரி, பொன்னாடையை நானே கொண்டுபோய்ப் போர்த்திவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

பையில் பொன்னாடையோடு இரண்டு விண்ணப்பப் படிவங்களும் இருந்தன. அதே ஊரில் இன்னும் இரண்டு பெண்கள் பிளஸ் டூ தேறியிருந்தார்கள். “ஊரில் அனுப்ப மாட்டோம் என்கிறார்கள், நீங்கள் வந்து பேசினால் நல்லது” என்று பூங்காவனம் கடிதம் போட்டிருந்தாள். ஏன் அனுப்ப மாட்டார்கள் என்று எழுதவில்லை. திங்கட்கிழமை மாலை நான்கு மணியோடு விண்ணப்பம் முடிகிறது.

காலை ஐந்தேகாலுக்கு வேலூரில் பஸ். வாணியம்பாடிக்கு ஐந்தே முக்கால் ரூபாய், ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இரண்டு இட்லி, ஒரு காபி. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், ஆலங்காயத்திலிருந்து மலைப்பாதையில், அந்தத் தொலைநோக்கி இருக்கும் காவலூர். வளைவுகளில் வாந்தி வரும். எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளாமல் பட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு கண்டக்டர், “இன்னாம்மா, நட்சத்திரம் பாக்கப் போறீங்களா? பகல்லயே தெரியுதா?” என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டேன்.

ஒன்பதேகாலுக்குக் காவலூர். அங்கே பூங்காவனம் காத்திருந்தாள். அதற்கு மேல் பஸ் கிடையாது, ஒன்பது கிலோமீட்டர் நடை. செருப்போடு நடந்தால் வழுக்கும் இடங்கள் மூன்று உண்டு. வழி நெடுகப் பலாப்பழ வாசனை. நான் ஒவ்வொரு செடிக்கும் லத்தீன் பெயர் சொல்லிக்கொண்டு வர, அவள் அது எந்த நோவுக்கு ஆகும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான். ஊருக்குள் போகும்போது பன்னிரண்டரை.

ஊரே வேப்பமரத்தடியில் கூடியிருந்தது. ஆனால் யார் முகத்திலும் சிரிப்பில்லை. ஆண்டியைக் கட்டிலோடு தூக்கி வந்து வைத்திருந்தார்கள். நான் கல்லூரியின் சார்பில் நாலு வார்த்தை பேசி, பொன்னாடையைப் போர்த்தினேன். கைதட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன்.

ஆண்டி ஒரு நிமிடம் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கழற்றி, பக்கத்தில் நின்றவர் தோளில் போட்டார். அவர் அடுத்தவருக்குப் போட்டார். ஆண், பெண் என்று பாராமல் வீட்டுக்கு ஒருவராகப் பொன்னாடை போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஏழாவது ஆள் கையைக் கட்டிக்கொண்டார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர், பெயர் சின்னக்காளி.

“எனக்கு வாணாம். இந்தம்மாவுக்கு என்னத் தெரியாது. எனக்கு அவங்களத் தெரியும்.”

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர்தான் எனக்கு விளக்கினார். “சாமைக் கொல்லைக்குப் பன்னி வருங்கம்மா. வூட்டுக்கு ஒரு ராத்திரின்னு மொற வெச்சுக் காவல் காப்போம். அதே மாதிரிதான் இந்தப் பொண்ணு படிப்பும். ஆண்டி உழுந்துட்டான். அதனால மாசத்துக்கு ஒரு வூடு. மலையிறங்கி, வேலூருக்குப் போய், பொண்ணுக்கு வேண்டியதக் குடுத்துட்டு, கண்ணால பாத்துட்டு வந்து ஊருக்குச் சொல்லணும். உங்க வாச்மேன் அப்பனைத் தவிர யாரையும் வுட மாட்டேன்னான். அதனால மொறைக்குப் போற ஆளு, அன்னிக்கு அப்பன்னு சொல்லிடறதுன்னு ஊர்ல பேசி முடிச்சோம்.”

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. அவளுடைய இரண்டாம் வருடத்தில், பார்வையாளர் நோட்டைப் புரட்டினால் மாதம் ஒரு கைநாட்டு, மாதம் ஓர் அப்பா. வாசலில் சாமை மூட்டையோடு நின்ற ஒருவரிடம், பத்துப் பேர் பார்க்க, “நீ எத்தனாவது அப்பா?” என்று கேட்டேன். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டேன். அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். பூங்காவனத்தைக் கூப்பிட்டு விசாரித்தபோது அழுதாளே தவிர வாயைத் திறக்கவில்லை. பொய் சொன்னதற்காக விடுதியை விட்டு அனுப்பிவிடுவேன் என்று பயம். அதன் பிறகு யாரும் வரவில்லை. ஒழுங்கைக் காப்பாற்றிவிட்டதாக நான் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

“பொண்ணப் படிக்க அனுப்புனா, பெத்தவள சந்தேகப்படற மாதிரி கேக்கறாங்க. இன்னும் ரெண்டு பொண்ண எப்படி அனுப்பறது?” என்றார் ஊர்க்கவுண்டர். அவர் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுந்து நின்றேன். “தப்பு என்னுதுங்க. கேள்வி கேட்டேனே தவிர, பதிலைக் கேக்காம உள்ள போயிட்டேன். இப்போ கேக்கறேன், சொல்லுங்க” என்றேன். அழுகையை அடக்கவில்லை.

சின்னக்காளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏழாவதுங்க” என்றார். “மொறையில எங்கூடு ஏழாவது.”

முதலில் சிரித்தது ஆண்டி. பிறகு ஊர் முழுக்கச் சிரித்தது. சின்னக்காளி தலையைக் குனிந்துகொடுத்தார், நான் போர்த்தினேன். அங்கிருந்து பொன்னாடை பதினேழாவது வீடு வரை போனது. கடைசியில் ஒரு கைக்குழந்தைக்காரி தன்னோடு சேர்த்துக் குழந்தைக்கும் சுற்றிக்கொண்டாள். முதல் வகுப்பில் தேறியது ஒரு பெண் என்று நினைத்து மலையேறினேன். தேறியது ஓர் ஊர். என் வாழ்க்கையில் எத்தனையோ பாராட்டு விழாக்களில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவு பெருமை எதிலும் இருந்ததில்லை.

இரவு அங்கேயே தங்கினேன். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, பலாச்சுளை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு இரண்டு பெண்களும் கையெழுத்துப் போட்ட படிவங்களைக் கொடுத்தார்கள். ஊர்க்கவுண்டர் காவலூர் வரை கூடவே வந்தார். பஸ் வரும் நேரத்தில்தான் விஷயத்தைச் சொன்னார்.

“ரெண்டு பொண்ணுன்னா மொற பத்தாதுங்கம்மா. இன்னொரு வூடு சேத்துக்கணும். ஆவணி உங்க மொற.”

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நான் சொன்ன கட்டணத்தை நம்பிக் கிளம்பாதீர்கள், அது நாற்பது வருடத்துக் கதை. திரும்பி வரும் பஸ் நேரத்தை ஆலங்காயத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் போனால் பலாப்பழம் நிச்சயம். மலையூர்களில் யாருக்காவது நன்றி சொல்ல, மரியாதை செய்யப் போகிறீர்கள் என்றால், யார் யார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்கென்று எடுத்துப் போவது பெரும்பாலும் தப்புக் கணக்காகத்தான் இருக்கும்.

அந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தூக்கு நிறையக் கொழுக்கட்டையோடு என் விடுதி வாசலுக்கு வெளியே போய் நின்றேன். வாச்மேன் பதறிப் போய், “இன்னாம்மா, நீங்க போய் இங்க நிக்கிறீங்க?” என்றார். நோட்டைக் கேட்டு வாங்கினேன். பார்க்க வந்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில், ‘பதினெட்டாவது அப்பா’ என்று எழுதினேன்.