மோட்டாருக்கும் சூளைக்கும் நடுவே

குடவாசலுக்கு வெளியே இருந்த என் பட்டறையில் கண்ணாடியைக் கையால் செதுக்குவேன். செதுக்கிய பள்ளத்தில் வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பிக் கரண்ட் சூளையில் வைத்தால், பொடி உருகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஆடி மாதம் ஒட்டவே இல்லை.

மேட்டூர் திறக்கவில்லை. குறுவையைக் காப்பாற்ற ஊரிலுள்ள ஆழ்குழாய் மோட்டார்கள் எல்லாம் ஓடின. விவசாயத்துக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் மின்சாரம். யாரை நிறுத்தச் சொல்வது? எல்லோருக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். சூளை வெதுவெதுப்போடு நின்றுவிடும். விரலால் தடவினால் பச்சைப் பொடி கோலமாவு போலக் கையோடு வரும். திரும்ப நிரப்பு, திரும்ப வை. “கரண்ட் இருக்குங்க, அதுக்குத் தெம்புதான் இல்ல” என்று சொல்லிவிட்டு வயர்மேன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சூளையில் இருந்தது, பக்கத்துத் தெரு வாத்தியாரின் புது வீட்டு வாசல் கதவுக்கான கண்ணாடி. முழுக்க நெற்கதிர். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். தினமும் வந்து எட்டிப் பார்ப்பார்.

“என்னண்ணே, வெந்துச்சா?”

“வேகறதுக்கு இட்லியா? உங்கப்பாவ மோட்டார நிறுத்தச் சொல்லுங்க, வெந்துடும்.”

அவர் அப்பாவின் மோட்டார்தான் இருப்பதிலேயே பெரியது. ஒரே ஒரு பகல் அது ஓய்ந்தால் போதும் என்று எனக்கு நப்பாசை. இருவருமாக வயலுக்குப் போனோம். பெரியவர் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றார். பண்ணையில் கூலிக்கு உழைத்தவர்; கொடி பிடித்து, போலீஸிடம் அடிவாங்கி, அந்த நிலத்துக்குப் பட்டா வாங்கியவர். மகன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

“கண்ணாடியில வெட்டுன கதிருக்காக வயல்ல நிக்கிறதக் காயப் போடணுமாக்கும்? நல்லா படிச்ச, போ!” என்றவர் என் பக்கம் திரும்பினார். “சூடுதானங்க வேணும்? வெயில்ல வச்சுப் பாருங்களேன். எங்களையெல்லாம் அதுதான வறுத்தெடுக்குது.”

“ஒரு பகல்தாங்க.”

“மண்ணு வெடிச்சுக் கெடக்கு, பாருங்க. இத காய விடுறதுக்கா நான் லாக்கப்புல கெடந்தேன்?”

கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல். பட்டறைக்குத் திரும்பி மறுபடி வைத்தேன். கரண்ட் ஏறி ஏறி விழுந்ததில் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. புதிதாகச் செதுக்க நாள் இல்லை.

கிரகப்பிரவேசத்தன்று கதவில் பிளைவுட் அடித்திருந்தார்கள். பெரியவர் அதைத் தட்டிப் பார்த்து, “இதுவே கெட்டியாத்தானங்க இருக்கு?” என்றார், என்னைத் தேற்றுவதாக நினைத்து. அவர் பயிர் தப்பித்துவிட்டது என்று பந்தியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சந்தோஷப்பட எனக்கு மனசு வரவில்லை. பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.