ஒரு பீப்பா நல்ல தண்ணீர்

எழுவைதீவு இறங்குதுறையில் எங்களுக்காக நின்றவர்கள் இரண்டு பேர்: என் மனைவி றெஜினாவின் தமக்கை பிலோமினாவும் அவருடைய கணவர் அந்தோனியும். நிற்காதவர் மாமி, அக்கா தங்கை இருவரின் தாய். அவர் இறந்து ஓராண்டு ஆகிறது. அடக்கத்துக்கு வர எங்களால் முடியவில்லை. ஆண்டுப் பூசைக்காவது நிற்கவேண்டும் என்று ஆபிரிக்காவில் லுசாக்காவிலிருந்து வந்திருந்தோம்.

காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து, எட்டு மணிக்கு ஊர்காவற்றுறை. அங்கிருந்து வள்ளம், ஆளுக்கு ஒரு ரூபா. வள்ளக்காரர் கதை கொடுத்தார்.

“நீங்கள் இருக்கிற பட்டினத்திலை கடல் எந்தப் பக்கம்?”

“கடல் இல்லை அண்ணை. ஐந்நூறு அறுநூறு மைல் போகவேணும்.”

“அப்ப மீனுக்கு?”

“ஆத்து மீன். காயவைச்சு விக்கிறாங்கள்.”

“கருவாடு தின்னவோ தம்பி இவ்வளவு தூரம் போனனீர்?”

வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். றெஜினா சிரிக்கவில்லை. அக்கா தன்னை எந்த முகத்தோடு பார்ப்பார் என்ற நினைப்பிலேயே அவள் வந்தாள். மாமியைக் கடைசி எட்டு மாதமும் தூக்கிக் குளிப்பாட்டிப் பார்த்தவர் அக்கா ஒருவரே. எங்கள் கடிதங்களுக்கு அவரிடமிருந்து பதில் வந்ததில்லை.

லுசாக்காவைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்புத்தான் அங்கே கணக்கு வாத்தியார் வேலையைத் தந்தது. சோளமாக் களிக்குப் பழகினோம். அயலவர்கள் கைகளை மெல்லத் தட்டி வணக்கம் சொல்வதற்கும், நாங்களும் தட்டுவதற்கும் பழகினோம். றெஜினாவுக்குப் பழகாதது தண்ணீர். குசினிக்குள்ளேயே குழாய், திறந்தால் நல்ல தண்ணீர். ஆனால் தீவுக் கிணற்றின் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீரில் வளர்ந்த நாவுக்கு அதில் போட்ட தேநீர் வெறும் சுடுநீராக இருந்தது. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தாள். அந்தச் சிட்டிகை எப்போது நின்றது என்பதை நான் கவனிக்கவில்லை.

வந்த அன்று பத்து மணிக்கு, தீவு வீட்டில், அக்கா தேநீர் தந்தார். றெஜினா ஒரு மிடறு வாயில் வைத்தாள். விழுங்க முடியவில்லை. முற்றத்தில் துப்பிவிட்டு வந்தாள். அக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

“அம்மா கடைசியாக் குடிச்சதும் இந்தக் கிணத்துத் தண்ணிதான்,” என்றார்.

அன்று பிற்பகல் அந்தோனி அண்ணை வலைக்குப் போகவில்லை. தன் வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குப் போய் ஒரு பீப்பா நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். நான் காசை நீட்டினேன்.

“வையும் தம்பி,” என்றார் அக்கா. “விருந்தாளியளிட்டைக் காசு வாங்கிற வழக்கம் இஞ்சை இல்லை.”

றெஜினா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். தான் பிறந்த வீட்டில் அவள் விருந்தாளியாகியிருந்தாள்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும், பீப்பாத் தண்ணீரில் எல்லாருக்கும் அவளே தேநீர் போட்டாள். அக்கா குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“என்னடி இது, சப்பெண்டு கிடக்கு.”

“உப்புப் போடு. நானும் அப்பிடித்தான் குடிச்சனான்.”

“எங்கை?”

“அங்கைதான். போன நாள் தொட்டு. அம்மாவின்ரை தந்தி வந்த அண்டும் போட்டுக் குடிச்சனான். பிறகு ஏலாமல் போச்சு.”

அக்கா குசினிக்குள் போய் உப்புச் சிரட்டையோடு வந்தார். தன் கோப்பையில் போட்டுக் கலக்கினார். பாதியைக் குடித்து, மீதியைத் தங்கையிடம் நீட்டினார். றெஜினா அதைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தாள்.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு வள்ளம் புறப்பட நின்றது. லுசாக்காவில் குழாய் எந்நேரமும் ஓடும். அதற்காக யாரும் ஒரு நாள் தொழிலை விட்டுக் கடலில் போனதில்லை. இதை நினைத்துக்கொண்டு நான் பெட்டிகளை ஏற்றினேன். அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தார்.

“தண்ணிக்கும் வள்ளத்து மண்ணெண்ணைக்குமாச் சேத்துத் தரவேணும். அந்த மனிசன் வலைக்கும் போகேல்லை. எடடி காசை.”

“எவ்வளவக்கா?”

அக்கா சொன்னார். றெஜினா கைப்பையைத் திறந்து எண்ணிக் கொடுத்தாள். அக்கா திருப்பி எண்ணிப் பார்த்து, இடுப்பில் செருகிக்கொண்டு, விளிம்பை விட்டார்.

பதினொரு ரூபா ஐம்பது சதம்.