கூட்டல் குறி போட்ட காசு

எங்கள் வம்சத்தில் ஆறாம் வகுப்பைத் தொட்ட முதல் ஆள் நான். அதனால் எனக்குத் தெரியாதது உலகத்தில் அதிகம் இல்லை என்று அந்த வயதில் நினைத்திருந்தேன். பள்ளியில் கேட்டதையெல்லாம் சேரம்பாடி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குச் சுமந்து வந்து, கொழுந்து பறித்துக் களைத்திருக்கும் அம்மாவுக்கும், எங்களோடு இருந்த அம்மாவின் தம்பிக்கும் மறுபடி பாடம் நடத்துவேன்.

ஒரு நாள் வரலாற்று டீச்சர் சொன்னதை நடத்தினேன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கள்ளக்காசு செய்தவர்களைக் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிடுவார்களாம். பலர் ஊர் திரும்பவே இல்லையாம்.

மாமா சிரித்தார். "எங்களையும்தான் சிலோன்லருந்து கப்பல்ல ஏத்திவிட்டாங்க. நாங்க எந்தக் காச அடிச்சோம்?"

பிறகு கேட்டார். "அத எப்பிடிப் புள்ள செய்வாங்களாம்?"

நல்ல காசைக் களிமண்ணில் அழுத்தி அச்செடுத்து, ஈயம் காய்ச்சி ஊற்றுவார்கள் என்று கைகளால் செய்தே காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டார். அத்தனை நல்ல மாணவர் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

தேயிலை விலை விழுந்திருந்த காலம் அது. அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. திருப்பூருக்குப் போன அப்பாவிடமிருந்து பணம் வரவில்லை. மாமா ஓட்டிக்கொண்டிருந்த கொழுந்து லாரியை, கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி நிறுத்திவிட்டார். அது ஆலமரம்போல ஓரிடத்தில் நின்றது.

என்னிடம் மட்டும் ஐந்து ரூபாய்க் காசு ஒன்று இருந்தது. முதல் மார்க் வாங்கியதற்குத் தலைமையாசிரியை கொடுத்த பரிசு. வேறு காசோடு கலந்துவிடக் கூடாது என்று ஐந்துக்குப் பக்கத்தில் ஆணியால் கூட்டல் குறி ஒன்றை ஆழமாகக் கீறி, பவுடர் டப்பாவில் வைத்திருந்தேன்.

சில வாரம் கழித்துக் கடனுக்கு உப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் கோயம்புத்தூர்க்காரர். முன்னால் ஐந்து ரூபாய்க் காசுகளைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகக் கல்லில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கணீரென்று ஒலிக்கவில்லை.

"அம்மணி, நீ படிக்கிற புள்ளதான. இதக் கொஞ்சம் பாரு."

வாங்கிப் பார்த்தேன். ஐந்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறி.

"இது என் காசு! நான் கீறினது. பரிசா குடுத்தாங்க."

அவர் அடுத்ததைத் தள்ளினார். "அப்ப இது?"

அதிலும் என் குறி. அதற்கடுத்ததிலும். ஏழு காசிலும் இருந்தது. மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "எல்லாம் என் கீறல்தான்" என்றேன்.

சாமான் வாங்க வந்திருந்த அக்கா ஒருத்தி சிரித்தாள். "மொத மார்க்குக்கு ஏழு காசா குடுக்குறாங்க? அப்ப நானும் பள்ளிக்கூடம் போறேன்!"

கடைக்காரர் சிரிக்கவில்லை. அன்று மாலையே வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க, இந்தக் காசெல்லாம் என்ர கடைல குடுத்தது உங்க தம்பிதானுங்க. ஸ்டேஷனுக்குச் சொன்னா உங்க தம்பி உள்ள போயிருவாருங்க. எனக்கும் பாவம் வேண்டாம். நாளைக்கு மொத பஸ்ஸுல ஏத்தியுட்டுருங்க."

மாமா எதையும் மறுக்கவில்லை. நின்றுபோன லாரியின் பழைய பேட்டரியிலிருந்து எடுத்த ஈயம். அந்தக் காசில் வாங்கியது முழுவதும் அரிசி.

மறுநாள் துணிப்பையோடு பஸ்ஸுக்கு நின்றார். அந்த அக்கா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

"ஆஸ்திரேலியாவுக்கா மாமா?" என்றேன்.

"டிக்கெட்டு கோயம்புத்தூர் வரைக்குந்தான் புள்ள" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரும் ஊர் திரும்பவில்லை.

பஸ் போனதும் வீட்டுக்கு ஓடி பவுடர் டப்பாவைக் கவிழ்த்தேன். காசு அங்கேயே இருந்தது. கூட்டல் குறியின் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் களிமண். அதை ஊசியால் சுரண்டிவிட்டு, நல்லவேளை, மாமா இதைத் திருடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அரிசிப் பானை காலியாகக் கிடந்த அந்த நாட்களில் வீட்டிலிருந்த ஒரே நல்ல காசு அதுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.